ஆ, ஓ, பி: மிசோ மொழிக்கு எழுத்தும் படிப்பும் வந்த விதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எந்த மக்கள், எந்த இடம், எந்தக் காலம்?

இன்றைய மிசோரம். அன்று அதன் பெயர் லுஷாய் மலைகள். ஊர்கள் மலை உச்சியில் இருக்கும். ஒவ்வோர் ஊருக்கும் 'லால்' என்ற தலைவர். காட்டை வெட்டி எரித்து நெல் விதைக்கும் மாற்றிட வேளாண்மை. சில ஆண்டுகளில் ஊரே இடம் பெயரும். அசாம், வங்காளச் சமவெளித் தேயிலைத் தோட்டங்கள்மேல் மிசோக்கள் படையெடுத்ததும், 1871–72இலும் 1889–90இலும் ஆங்கிலேயப் படை மலையேறியதும், இன்றைய தலைநகர் ஐசோலில் கோட்டை எழுந்ததும் தனி வரலாறு. இந்தப் பக்கம் 1894 முதல் சுமார் 25 ஆண்டுகளைப் பற்றியது. எழுத்தில்லாத ஒரு மொழி அச்சுக்கு வந்து, ஊர் ஊராகப் படிக்கும் பழக்கம் ஊன்றியது அந்தக் காலத்தில்தான்.

முதலில் போனவர்கள் யார்? யார் அனுப்பினார்கள்?

ஜேம்ஸ் ஹெர்பர்ட் லொரெய்ன், ஃப்ரெடெரிக் வில்லியம் சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். அனுப்பியவர் லீட்ஸ் நகரத்து ராபர்ட் ஆர்திங்டன். பெரும் பணக்காரர், ஆனால் தனக்கென்று காசு செலவழிக்க மாட்டார். சுவிசேஷம் எட்டாத பழங்குடிகளிடம் ஆள் போக வேண்டும், அறிவித்துவிட்டு அடுத்த மக்களிடம் நகர வேண்டும் என்பது அவர் கொள்கை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த இருவர் காட்டிய அவசரம் புரியும். ஒரே இடத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து இலக்கணம் எழுதும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை.

1893 டிசம்பர் 26 அன்று அசாமின் சில்சாரில் படகேறி, த்லோங் ஆற்றில் எதிர்நீச்சலாகப் போய், 1894 ஜனவரி 11 அன்று சாய்ராங் சேர்ந்தார்கள். ஜனவரி 11 இன்றும் மிசோரமில் மிஷனரி நாள், அரசு விடுமுறை. இரண்டு வாரத்துக்கு மேல் துடுப்புப் போட்டு வந்த அதே சாய்ராங்குக்கு 2025 செப்டம்பரில் ரயில் வந்துவிட்டது.

மிசோக்கள் லொரெய்னுக்கு 'பு புவாங்கா' என்றும் சாவிட்ஜுக்கு 'சாப் உபா' என்றும் பெயர் வைத்தார்கள். 'பு' நம்முடைய 'ஐயா' மாதிரி. 'சாப்' என்றால் துரை, 'உபா' என்றால் மூத்தவர்.

அதற்கு முன் மிசோ மொழியை யாரும் எழுதவே இல்லையா?

எழுதினார்கள், ஆனால் மிசோக்கள் படிப்பதற்காக அல்ல. 'தாங்லியானா' என்று மிசோக்கள் அழைத்த டி.எச். லெவின் என்ற அதிகாரி 1874இல் ஒரு மொழிப்பயிற்சி நூல் வெளியிட்டார். 1884இல் புரோஜோநாத் ஷாஹா ஓர் இலக்கணம் எழுதினார். இரண்டும் மலைக்குப் போகும் அதிகாரிகளுக்கானவை.

மிசோக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. கடவுள் எல்லா மக்களுக்கும் எழுத்தைக் கொடுத்தார். மிசோ மூதாதைக்குத் தோலில் எழுதிக் கொடுத்தார். அதை நாய் தின்றுவிட்டது. பக்கத்து நாட்டார் கையில் எழுத்து இருப்பதைப் பார்த்து, நமக்கும் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்த மக்களின் கதை இது.

எழுத்தை எப்படி உருவாக்கினார்கள்?

ஒருவர் பேச்சைக் கேட்டு, அதில் எத்தனை தனி ஒலிகள் பொருளை மாற்றுகின்றன என்று பிரிப்பதுதான் வேலையின் மையம். எழுத்தின் உருவத்தைத் தேடி அவர்கள் அலையவில்லை, ரோமன் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதற்கு, இந்திய இடப்பெயர்களை எழுத அரசு பயன்படுத்திவந்த ஹண்டர் முறையை அடிப்படையாக வைத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரே 'ஏ' எழுத்து சொல்லுக்குச் சொல் வேறு மாதிரி ஒலிக்கும். ஹண்டர் முறையில் அந்தத் தொல்லை இல்லை, 'ஏ' என்றால் அ அல்லது ஆ மட்டும்.

ஒலி பிரிப்பது எப்படி என்று ஓர் இணையைப் பார்த்தால் விளங்கும். 'தாப்' என்றால் அடுப்பு. 'ட்ராப்' என்றால் அழு. முதல் ஒலியைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. ஆகவே அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து வேண்டும். ரோமன் வரிசையில் இதற்கு 'டி' (t) ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவது ஒலிக்கு அதே 'டி'யின் கீழே ஒரு புள்ளி. புள்ளியை விட்டால் அழுகை அடுப்பாகிவிடும். இன்றும் கைப்பேசியில் கீழ்ப்புள்ளி எளிதில் கிடைக்காததால் பலர் விட்டுவிடுகிறார்கள், படிப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறார்.

இன்னோர் இணை: 'ஙா' மீன், 'நா' வலி. தமிழில் ங சொல்லுக்கு முதலில் வராது. 'ஙனம்' ஒன்றைச் சொல்லி இலக்கணக்காரர்கள் ஆறுதல் பட்டுக்கொள்வார்கள். மிசோவில் அது சாதாரணமாக முதலில் வரும். அதனால் 'என்'னும் 'ஜி'யும் சேர்ந்த இணைக்கு வரிசையில் தனி இடம், 'ஜி'க்கு அடுத்து.

1894இல் போட்ட வரிசையைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். இன்றைய வரிசையில் 25 எழுத்துகள். 'ஏ'க்கு அடுத்து 'ஏ'யும் 'டபிள்யூ'வும் சேர்ந்த 'ஓ' ஒலி, மூன்றாவது 'பி'. நாம் 'அ, ஆ' என்பதுபோல் அவர்கள் அரிச்சுவடியை 'ஆ, ஓ, பி' என்கிறார்கள். தனி 'சி', 'கியூ', தனி 'டபிள்யூ', 'எக்ஸ்', 'ஒய்' ஐந்தும் கிடையாது.

அப்படியானால் ஐஸ்வாலா, ஐசோலா?

தமிழ்ப் பத்திரிகைகளில் 'ஐஸ்வால்', 'அய்சால்' என்றெல்லாம் வருகிறது. 'ஏ-டபிள்யூ' ஓர் உயிரொலி என்று தெரியாமல் எழுத்துக்கூட்டியதால் வந்த குழப்பம் அது. மிசோக்கள் சொல்வது 'ஐசோல்' என்பதற்கு மிக அருகில், நடு எழுத்து கொஞ்சம் அதிர்ந்து. 'ஐ' ஒரு காட்டுச்செடி, 'ஸோல்' சமதளம். த்லோங் ஆற்றின் பெயரிலும் அதே 'ஓ'தான். 'டி-ஹெச்' வந்தால் ஆங்கிலத்தில் வரும் ஒலி அல்ல, மூச்சு கலந்த 'த'.

வங்காள எழுத்தை ஏன் எடுக்கவில்லை? பக்கத்திலேயே இருந்ததே?

பக்கத்து காசி மலையில் அதைத்தான் முதலில் செய்து பார்த்தார்கள். செராம்பூர் மிஷன் காசி மொழிப் புதிய ஏற்பாட்டை 1831இல் வங்காள எழுத்தில் அச்சிட்டது. படிக்க ஆளில்லை. 1841இல் சிரபுஞ்சிக்கு வந்த வேல்ஸ் மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் ரோமன் எழுத்துக்கு மாறினார், அது நிலைத்தது. அந்த வேல்ஸ் மிஷன்தான் பிறகு மிசோ மலைக்கும் வந்தது. ரோமன் எழுத்தை எடுத்ததில் துரைமார்களின் சொந்த வசதியும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்த எழுத்து அது.

தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்குக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. தமிழுக்கு எழுத்து, இலக்கணம், ஏடு எல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்தன. அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். மிசோ மலையில் மணலில் எழுதுவதற்கு முன் எதை எழுதுவது என்றே முடிவு செய்ய வேண்டியிருந்தது. 'மிஷனரிகள் எழுத்தறிவு கொடுத்தார்கள்' என்று இரண்டு இடத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு.

இந்த எழுத்துமுறையில் குறை இல்லையா?

உண்டு. பெரிய குறை தொனி. மிசோ தொனி மொழி. 'லெய்' என்று எழுதப்படும் சொல்லை உச்சரிக்கும் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மண், நாக்கு, பாலம், வாங்கு என்று பொருள் மாறும். எழுத்தில் நான்கும் ஒன்றே. நீண்ட உயிரைக் காட்ட எழுத்தின் மேல் கூரை போன்ற குறி உண்டு. அதையும் எல்லோரும் எப்போதும் போடுவதில்லை.

தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. க என்ற ஓர் எழுத்தைப் பார்த்து 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் மூன்று ஒலியை நாம் தானாகச் சொல்லவில்லையா, அந்த மாதிரி. வெளியாள்தான் திணறுவான். எல்லாத் தொனிக்கும் குறி போட்டிருந்தால் பக்கம் முழுக்கப் புள்ளியும் கோடுமாக நிறைந்து, முதல் முறையாகச் சிலேட்டுப் பிடிக்கும் பெரியவர் மிரண்டிருப்பார். குறையோடு விட்டது சரியான முடிவு என்பதே எங்கள் கருத்து. மொழியியல் படித்தவர்கள் சிலர் ஒப்ப மாட்டார்கள்.

முதல் பள்ளியில் எத்தனை பேர்?

இரண்டு பேர். 1894 ஏப்ரல் 1, ஐசோல். சுவாகா, தாங்புங்கா. இருவரும் தலைவர் குடும்பத்து ஆட்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார்கள் என்பது பதிவு. அதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, கூட்டெழுத்து இல்லை, கற்கும் மொழி தாய்மொழி. ஆங்கிலப் பிள்ளைக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டுவதைவிட இது பல மடங்கு எளிது.

அதன்பின் வேகம். 1895 அக்டோபரில் முதல் அச்சு நூல் 'மிசோ ஸிர்திர் பு'. 'ஸிர்திர்' கற்பித்தல், 'பு' புத்தகம் (முன்சொன்ன 'ஐயா' அல்ல, வேறு சொல்). 1898இல் லூக்கா, யோவான் சுவிசேஷங்களும், ஓர் இலக்கணமும் அகராதியும் அச்சாயின. ஆனால் 1897 கடைசியிலேயே ஆர்திங்டன் கொள்கைப்படி இருவரும் மலையிறங்கிவிட்டார்கள். அப்போது ஞானஸ்நானம் பெற்ற மிசோ ஒருவர்கூடக் கிடையாது. முதல் இருவர், குமாவும் காராவும், 1899 ஜூலையில்தான். லொரெய்னும் சாவிட்ஜும் அசாமின் சதியாவில் 'ஆதி' என்ற பழங்குடியினரிடம் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1903இல் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் தெற்கே லுங்லேய்க்குத் திரும்பி வந்தார்கள். லொரெய்னின் பெரிய அகராதி 1940இல் கல்கத்தாவில் வெளிவந்தது.

இரண்டு பேர் என்பது எல்லோரும் என்று எப்படி ஆனது?

எல்லோரும் எழுத்தை உண்டாக்கியதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எழுத்து சில மாத வேலை. அது ஊர் ஊராகப் போனதுதான் இருபது வருட வேலை, அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத மிசோக்கள்.

1897இல் வேல்ஸ் மிஷனின் டி.இ. ஜோன்ஸும், அடுத்த ஆண்டுக் கடைசியில் எட்வின் ரோலண்ட்ஸும் வந்தார்கள். ஜோன்ஸோடு காசி ஊழியர் ராய் பாஜுர் வந்தார். ரோலண்ட்ஸ் ஊர் ஊராக நடந்து பள்ளி கேட்கும் ஊர்களைக் கண்டுபிடித்தார். மிஷன் நிலையத்தில் படித்துத் தேறிய பையன் சொந்த ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ வாத்தியாராகப் போனான். 1904இல் அரசு தன் பள்ளிப் பொறுப்பையே மிஷனிடம் கொடுத்துவிட்டது. அரசுக்குச் செலவு மிச்சம்.

பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் படித்தது சபை ஞாயிறுதோறும் நடத்தும் ஓய்வுநாள் பள்ளியில். நம் சபைகளில் ஓய்வுநாள் பள்ளி என்றால் சிறுவர்களுக்கு. மிசோ சபைகளில் கிழவன் கிழவிக்கும் வகுப்பு உண்டு, வருடாந்தரப் பரீட்சையும் உண்டு. இது இன்றைக்கும் நடக்கிறது. வாரம் தவறாமல், காசு வாங்காமல், ஊரில் உள்ள எல்லா வயதினரும் ஒரு புத்தகத்தைத் திறந்து வரி வரியாகப் பார்க்கும் ஏற்பாடு வேறெதிலும் அமையாது.

செலவுக்கு 'புஃபாய் தாம்'. 'புஃபாய்' அரிசி, 'தாம்' கைப்பிடி. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள், சபை அதைச் சேர்த்து விற்கும். நம்மூர்ப் பிடி அரிசிதான். 1910இல் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் நின்றாலும் வாத்தியாரும் ஊழியரும் நிற்காததற்கு இந்தப் பானை ஒரு காரணம்.

மூன்றாவது, படிக்க ஏதாவது தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1902இல் அரசு அதிகாரி தொடங்கிய 'மிசோ லே வாய்' மாத இதழ். 1911இல் சபையின் 'கிறிஸ்தா த்லாங்காவ்'. 'த்லாங்காவ்' என்றால் மாலையில் ஊரில் தலைவரின் உத்தரவைக் கூவிச் சொல்கிறவர், நம் தண்டோராக்காரர். அச்சுப் பத்திரிகைக்கு அந்தப் பெயரை வைத்தவருக்குத் தன் வாசகரை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கில் மிசோரமின் எழுத்தறிவு 91.33 சதவீதம். 2025 மே மாதம் 98.2 சதவீதம் என்ற கணக்கோடு முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 1947க்குப் பின் அரசுப் பள்ளிகள் செய்ததையும் இதில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

கடவுளுக்கு எந்தச் சொல்லை எடுத்தார்கள்?

'பதியன்'. மிசோக்களின் பழைய நம்பிக்கையிலேயே இருந்த பெயர். எல்லாவற்றையும் படைத்த, நல்லவரான, ஆனால் தூரத்தில் இருப்பவர். அன்றாடத் தொல்லை தருபவை 'ஹுவாய்' என்ற ஆவிகள், பலி அவற்றுக்குத்தான். மிஷனரிகள் வெளியிலிருந்து சொல் கொண்டுவராமல் அந்தப் பதியனையே எடுத்தார்கள். தமிழில் இதற்கு நூற்றாண்டுக் கணக்கில் சண்டை: கத்தோலிக்கரின் சர்வேசுரன், வேதத்தைத் தமிழில் பெயர்த்த ஃபப்ரிஷியஸின் பராபரன், பிறகு தேவன், இப்போது கடவுள். மிசோவில் அந்தச் சிக்கல் ஒரே சொல்லோடு முடிந்தது. இயேசுவுக்கு முன் 'லால்', அதாவது ஊர்த்தலைவர் என்ற சொல்லே வந்தது.

பெயர்களிலும் ஒரு நுட்பம். மிசோவில் ஆண் பெயர் 'ஆ'வில் முடியும், பெண் பெயர் 'இ'யில். அதனால் இயேசு 'இசுவா', கிறிஸ்து 'கிறிஸ்தா', பவுல் 'பவுலா'. கேட்பவருக்கு இது அந்நிய ஊர்ப் பெயராகத் தோன்றாது.

பாட்டும் படிப்பும் எப்படிச் சேர்ந்தன?

1899இல் 18 பாட்டுகளோடு முதல் பாட்டுப் புத்தகம் வந்தது. வேல்ஸ்காரர்கள் டானிக் சோல்ஃபா முறையில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்வரத்தையும் ரோமன் எழுத்தாலேயே குறிக்கும் முறை அது. 25 எழுத்து தெரிந்தவருக்கு இசையும் படிக்க வந்துவிடும். மிசோ பாடகர் குழுக்கள் இன்றும் சோல்ஃபாவைப் பார்த்து நான்கு குரலில் பாடுகின்றன.

தவறியதும் இங்கேதான். மேல்நாட்டு மெட்டு தன் போக்கில் ஏறி இறங்கும், மிசோச் சொல்லின் தொனி வேறு போக்கு. கூடவே பழைய பறையைத் தேவாலயத்துக்குள் விடவில்லை. 1919இல் எழுந்த பெரிய எழுப்புதலுக்கு (சபைகளில் பக்தி பொங்கிப் பரவிய இயக்கத்துக்கு)ப் பிறகு மிசோக்கள் தங்கள் கவிஞர்கள் எழுதிய பாட்டைத் தங்கள் இழுப்பில், பறை முழங்கப் பாடத் தொடங்கினார்கள். 'லெங்கோம்' பாட்டு என்று அதற்குப் பெயர். பறை திரும்பி வந்தது மிஷனரிகள் அனுமதித்ததால் அல்ல, மக்கள் நிறுத்தாததால்.

படிப்பு என்பது மதமாற்றத்துக்குப் போட்ட தூண்டில்தானே?

வேதத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை அவர்கள் ஒளிக்கவில்லை. அரசுக்கு வேறு கணக்கு: குமாஸ்தா வேண்டும், அமைதி வேண்டும், செலவு குறைய வேண்டும். கற்றவர்களுக்கும் தங்கள் கணக்கு இருந்தது. கடிதம் எழுதலாம், வேலை கிடைக்கும், சமவெளி வியாபாரி கணக்கில் ஏமாற்ற முடியாது. மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன.

மிஷனும் அரசும் எப்போதும் கைகோத்து நடந்தன என்பதும் சரியல்ல. 1908இல் வந்த மருத்துவர் பீட்டர் ஃப்ரேசர், 'போய்' என்ற வழக்கத்தை அடிமைமுறை என்று எதிர்த்தார். கஞ்சிக்கு வழியில்லாதவர் தலைவர் வீட்டில் அடைக்கலம் புகுந்தால் அவரும் சந்ததியும் அங்கேயே உழைக்க வேண்டும். வெளியேற 40 ரூபாயோ ஒரு மிதுன் மாடோ கொடுக்க வேண்டும். நிர்வாகம் தலைவர்கள் பக்கம் நின்றது. 1912இல் ஃப்ரேசர் மலையைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

பழைய வழக்கங்களுக்கு என்ன ஆனது?

இழப்பு உண்டு. இளைஞர்கள் ஒன்றாக உறங்கி, வேட்டையும் ஊர்க்காவலும் ஒழுக்கமும் கற்ற 'ஸோல்புக்' என்ற கூடம் பள்ளிக்கூடம் வந்தபின் தேய்ந்து மறைந்தது. அரிசிக்கள்ளான 'ஸு'வை விடுவது கிறிஸ்தவனாவதன் அடையாளமாயிற்று. கள்ளோடு சேர்ந்த விருந்தும் பாட்டும் கூடவே போயின. பழைய பாடல்கள் பலவும் எழுத்தில் ஏறியது அதே எழுத்தால்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

மலையில் இருந்த மற்ற மொழிகள்?

அச்சேறியது லுசேய் குலத்தாரின் 'துலியன்' பேச்சு. தலைவர்கள் பேசியது அது, ஏற்கெனவே பல குலத்தாருக்குப் பொதுவாக இருந்தது. அச்சு அதை இன்னும் உயர்த்தியது. சிறிய பேச்சுவழக்குகள் சில ஒடுங்கின. தெற்கே மாரா மக்களிடம் லொரெய்னின் தம்பி ரெஜினால்ட் 1907இல் தனி மிஷன் தொடங்கி அவர்கள் மொழிக்கும் எழுத்துக் கொடுத்தார். ஹ்மார், லாய் மொழிகளும் பின்னர் தனியாக எழுதப்பட்டன. முதலில் அச்சேறும் வழக்கு மற்றவற்றை விழுங்கப் பார்க்கும். எங்கே தொடங்கினாலும் இது நடக்கும்.

இன்று எழுத்தில்லாத ஒரு மொழியில் இதே வேலையைத் தொடங்கினால் வரிசை என்ன?

முதலில் ஊராரிடம் கேட்பது. எழுத்து வேண்டுமா, பக்கத்து எந்த எழுத்தைப் போல இருக்க வேண்டும் என்று. அரசுப் பள்ளியில் பிள்ளைகள் எந்த எழுத்தைப் படிக்கப் போகிறார்களோ அதுவே பெரும்பாலும் நல்லது. புதிதாக உருவம் கண்டுபிடிப்பது வீண் பெருமை.

பிறகு சொல் சேகரிப்பு. 1,500 முதல் 2,000 சொல் போதும். குறைந்தது மூன்று பேரிடம்: ஒரு முதியவர், ஒரு பெண், ஓர் இளைஞர். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். விரலால் காட்டி 'இது என்ன' என்று கேட்டால் 'விரல்' என்றே பதில் வரும். பொருளைக் கையில் எடுத்துக் கேட்க வேண்டும். அடுத்தது மேலே சொன்ன அடுப்பு–அழு மாதிரியான இணைகளைத் தேடி அட்டவணை போடுவது. இணை கிடைத்த ஒலிக்குத் தனி எழுத்து, கிடைக்காததற்கு வேண்டாம்.

சோதனை எளிது. ஊராரில் இருவருக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் வேறோர் அறையில் படிக்க வேண்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கே எழுத்துமுறை பழுது.

அரிச்சுவடி 20–25 பாடம். பாடத்துக்கு ஒரு புதிய எழுத்து, அதோடு ஏற்கெனவே தெரிந்தவற்றால் ஆன ஐந்தாறு சொல், இரண்டு வாக்கியம். அகரவரிசையில் தொடங்கக் கூடாது. அதிகம் வரும் எழுத்துகள் முதலில். மூன்றாம் பாடத்திலேயே ஒரு முழு வாக்கியம் படிக்க முடிய வேண்டும். முதல் பதிப்பு 50 படிக்கு மேல் வேண்டாம், திருத்தம் கட்டாயம் வரும்.

வகுப்பு நடத்தும்போது எது கெடும்?

மனப்பாடம். பத்தாம் நாள் எல்லோரும் கடகடவென்று வாசிப்பார்கள், வாத்தியார் மகிழ்ந்துபோவார். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் சிலர் வாசிப்பார்கள்! பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்க வேண்டும். அதே எழுத்துகளால் புதிய வாக்கியம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிக் கேட்க வேண்டும்.

பருவம். விதைப்பிலும் அறுப்பிலும் வகுப்பு வைத்தால் ஆள் வராது, வராதவர் வெட்கத்தில் திரும்பி வர மாட்டார். அந்த வாரங்களை முதலிலேயே விடுமுறை என்று அறிவித்துவிடுவது மேல்.

கண். நாற்பது வயதைத் தாண்டியவர் 'எனக்கு மண்டையில் ஏறாது' என்றால் பாதி நேரம் அது மண்டைக் குறை அல்ல, வெள்ளெழுத்து. சாதாரணப் படிக்கும் கண்ணாடி நான்கைந்து, வேறு வேறு பவரில், வகுப்பில் இருக்கட்டும். அச்செழுத்து பெரியதாக, வரிக்கு வரி நல்ல இடைவெளியோடு. விளக்கு வாசிப்பவரின் இடது தோளுக்குப் பின்னால்.

அளவு. ஒரு வாத்தியாருக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம், வகுப்பு ஒன்றரை மணி நேரம். கணவனையும் மனைவியையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால், மனைவி முந்தினால் கணவர் நின்றுவிடுவார், தனித்தனியாக வையுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது அரிச்சுவடி முடிந்ததும் படிக்க எதுவும் இல்லாமல் போவது. ஆறு மாதத்தில் மறந்துவிடும். வகுப்பு தொடங்கும்போதே குறைந்தது ஐந்தாறு சிறு புத்தகங்கள் அச்சில் இருக்க வேண்டும்: ஊரார் சொன்ன கதைகள், பாட்டு, காய்ச்சலுக்கு என்ன செய்வது, கூலிக் கணக்கு.

வெளியுலகத் தொடர்பே இல்லாத மக்களிடமும் இப்படிப் போகலாமா?

கூடாது. 2018 நவம்பரில் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போன அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டார். அங்கே போவது 1956ஆம் ஆண்டு பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி குற்றம். வெளியாள் கொண்டுபோகும் சாதாரணச் சளிக்காய்ச்சலே அவர்களை அழித்துவிடலாம். மிசோ மலையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் உண்டு. 1894இல் மிசோக்கள் பல பத்தாண்டுகளாகச் சமவெளியோடு வியாபாரமும் போரும் செய்துவந்தவர்கள், கோட்டையும் சந்தையும் நடுவில் இருந்தன. இரண்டும் ஒன்றல்ல.

நேரில் போய்ப் பார்க்க என்ன வேண்டும்?

மிசோரமுக்குள் நுழையப் பிற மாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 1873ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இன்னும் நடப்பில் உள்ளது. கொல்கத்தா, குவஹாத்தி, சில்சார் முதலிய ஊர்களின் மிசோரம் இல்லங்களிலும், விமானத்தில் வந்தால் லெங்புய் விமான நிலையத்திலும் வாங்கலாம். அடையாள அட்டையும் புகைப்படமும் கையில் இருக்கட்டும். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைப்பு, சாப்பாட்டுக்கு முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அன்று வாய்ப்புக் கிடைத்தால் பெரியவர்களின் ஓய்வுநாள் பள்ளி ஒன்றில், அனுமதி கேட்டு, பின்வரிசையில் உட்காருங்கள். மொழி புரியாவிட்டாலும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்ட முடியும், கீழ்ப்புள்ளியை மட்டும் கவனியுங்கள்.